நகச்சாயத்தை எடுக்க மண்ணெண்ணெய் வேண்டாம்



தீபாவளி, கல்யாணம், கோயில் திருவிழா என்று வந்தால் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொள்கிறார்கள். பூசட்டும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடி, வாளி தூக்கி, உரம் போட்டுக் காய்ப்புப் பிடித்த கைக்கும் கொஞ்சம் சிவப்பு வேண்டாமா? பூசியதை எடுக்கிற விதம்தான் சரியில்லை. திருவிழா முடிந்த திங்கட்கிழமை மருந்தகத்துக்கு வரும் விரல்களைப் பார்த்தாலே தெரியும். நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து, வெடித்து, தண்ணீர் பட்டால் எரிகிறது. "என்னம்மா பண்ணினே?" என்றால், "கொஞ்சம் தின்னர் போட்டுத் துடைச்சேன் ஐயா" என்கிறார்கள். தின்னர் இல்லாத வீட்டில் பெட்ரோல். அதுவும் இல்லாவிட்டால் மண்ணெண்ணெய்.

இந்தப் பழக்கம் வந்த வழி எல்லாருக்கும் தெரியும். கையிலும் சட்டையிலும் ஒட்டிக் காய்ந்த கித்தாப் பாலை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தவர்கள் நம் அப்பா அம்மா. பேராக்கில் எத்தனையோ கித்தாத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் ஈப்போ, புந்தோங் பக்கம் குடிபோய்விட்டார்கள். அந்தப் போத்தல் மட்டும் கூடவே போயிருக்கிறது.

ஆனால் ரப்பரை இளக்குவது வேறு, நகச்சாயத்தைக் கரைப்பது வேறு. நாம் கியூட்டெக்ஸ் என்று கம்பெனிப் பெயரால் சொல்லும் இந்தச் சாயத்தின் அடிச்சரக்கு நைட்ரோசெல்லுலோஸ். அந்தக் காலத்தில் கார்களுக்கு அடித்த லாக்கர் பெயிண்டும் இதே சரக்கில் செய்ததுதான். மண்ணெண்ணெயில் இது கரையவே கரையாது. சாயம் போகிறது என்றால் நீங்கள் தேய்த்த தேய்ப்பில் போகிறது. கூடவே தோலின் எண்ணெய்ப் பசையும் போகிறது. தின்னர் கரைக்கும், உண்மைதான். ஆனால் அதில் டொலுவீன் போன்ற சரக்குகள் கலந்திருக்கும். மூச்சோடு போனால் தலை சுற்றும். பெயிண்ட் அடிக்கிறவர்களே காற்றோட்டமான இடத்தில்தான் அதைக் கையாள வேண்டும். சன்னலைச் சாத்திய அறையில் உட்கார்ந்து நகம் துடைப்பதற்கான பொருள் அல்ல அது.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். புளிப்பு இந்தச் சாயத்தைக் கரைக்காது. ஸ்டோரில் ஆசிட் புழங்கி ஏற்கெனவே வெடித்திருக்கும் கையில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய மென்மையான வழி ஒன்று உண்டு. பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பத்து நிமிஷம் விரலை ஊற வையுங்கள். நன்றாகத் துடைத்தபின், நகத்தைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்; நகத்தின் மேல் படக்கூடாது. பிறகு, கேட்டால் சிரிப்பீர்கள், பழைய சாயத்தின் மேலேயே புதுச் சாயம் ஒரு பூச்சுப் பூசுங்கள். அது காயுமுன், பத்து எண்ணுவதற்குள், பஞ்சால் அழுத்தித் துடையுங்கள். புதுச் சாயத்தில் இருக்கும் கரைப்பான் பழையதையும் இளக்கிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு விரலாகச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆகலாம், அவசரப்படாதீர்கள். கோவிட் காலத்தில் வாங்கிய சானிடைசர் மிச்சமிருந்தால், பஞ்சில் நனைத்து நகத்தின் மேல் சில நிமிஷம் வைத்துத் துடைத்தும் பார்க்கலாம். அதில் இருக்கும் ஸ்பிரிட் மெதுவாகத்தான் இளக்கும். முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி எண்ணெய் தடவிவிடுங்கள்.

கடையில் விற்கும் ரிமூவர் வாங்குவதானால் அசிட்டோன் இல்லாதது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அது கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். தோல் அவ்வளவு வறளாது. சலூனில் விளக்கு வெளிச்சத்தில் காய வைக்கும் ஜெல் சாயத்துக்கு இந்த வைத்தியம் ஒன்றும் பலிக்காது. பிய்த்து எடுத்தால் நகத்தின் மேல்தோலும் சேர்ந்து வரும். பூசிய இடத்திலேயே எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

எந்த ரிமூவரானாலும் நெருப்புக்குப் பக்கத்தில் ஆகாது. அசிட்டோனின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய் அடுப்பையோ, கொசுவர்த்தியையோ, சாமி மேடை விளக்கையோ எட்டினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். இன்னொன்று, தின்னரையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற வழக்கம். பிள்ளை எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலோ எண்ணெயோ புகட்டாதீர்கள். வாந்தி வரும்போது அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும், ஆபத்தே அதில்தான். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 999க்கு அடியுங்கள்.

பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ போகிறவர்கள் முதல் நாளே சாயத்தை எடுத்துவிடுங்கள். மூச்சு சரியாகப் போகாவிட்டால் நகம் நீலம் பாரிக்கும், ரத்தம் குறைந்தால் வெளுக்கும். விரலில் கவ்வவைக்கும் ஆக்ஸிமீட்டரை 2021இல் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கறுப்பு, நீலம் போன்ற அடர்ந்த சாயத்தின் மேல் மாட்டினால் அது தவறான கணக்குக் காட்டக்கூடும்.

புல் மருந்து அடித்த ஓர் அம்மாவின் விரலில் வருஷக்கணக்கில் கருஞ்சிவப்புச் சாயம் இருந்தது. ஆபரேஷனுக்காக அதை எடுத்தபோதுதான் பார்த்தேன். மூன்று நகம் மஞ்சளாகி, அடியிலிருந்து தூக்கிக்கொண்டு நின்றது. "அசிங்கமா இருக்குன்னு மூடி வச்சேன் ஐயா" என்றார். ஈர வேலையால் வந்த பூஞ்சையாகவும் இருக்கலாம், மருந்துத் தண்ணீர் பட்டுக் கெட்டதாகவும் இருக்கலாம். சாயத்துக்கு மேலே பார்த்தால் எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நாம் கிராமக்சோன் என்று அடித்த பாராகுவாட், கலக்காத மருந்தாகக் கையில் பட்டால் நகத்தைக் கெடுக்கும், சில சமயம் கழன்றே விழும். மலேசியாவில் அதற்கு 2020 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் இன்றும் வேறு மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறோம். நகம் நிறம் மாறினால் சாயத்தை எடுத்துவிட்டுக் காட்டுங்கள். என்ன மருந்து, எத்தனை நாள் அடித்தீர்கள் என்பதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவில் தொழிலால் வரும் நோய்க்கும் இடமுண்டு. ஆனால் கேட்கப் போகும்போது எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். கிளைச் செயலாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சிவப்புச் சாயம் வெகுநாள் கிடந்ததால் வெறும் மஞ்சள் கறை மட்டும் பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ஆறு மாதத்தில் முழுதும் புது நகமாகிவிடும். கால் கட்டைவிரலுக்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும்.