உதடு தொடும் இடம்: மவுத்பீஸ் அளவும் மாணவர் வாசிப்பும்

சுதந்திர தின அணிவகுப்புக்குப் பயிற்சி தொடங்கியதும் பேண்டு வாத்தியக் குழுவிலிருந்து சில மாணவர்கள் விலக்கப்படுவதுண்டு. "இவனுக்கு மூச்சு போதாது", "இவளுக்கு உதடு ஒத்துவரவில்லை" என்பவையே வழக்கமான காரணங்கள். பேண்டு குழுவின் பொறுப்பாசிரியராக நான் அந்த முடிவுக்கு வருமுன் மாணவர் கையில் உள்ள மவுத்பீஸை வாங்கிப் பார்ப்பேன்.

டிரம்பெட்டிலும் பியூகிளிலும் முதலில் அதிர்வது பித்தளை அன்று, வாசிப்பவரின் உதடுகள். குழாயினுள் உள்ள காற்றுத் தம்பம் அந்த அதிர்வைத் தன் இயல்பு அதிர்வெண்களில் ஒன்றில் நிலைநிறுத்துகிறது. பியூகிளில் வால்வு இல்லை. அதில் வழக்கமாக வாசிக்கும் சுரங்களின் அதிர்வெண்கள் 2:3:4:5:6 என்ற விகிதத்தில் அமைகின்றன. நம் சுரங்களில் சொன்னால் ஸ, ப, மேல் ஸ, மேல் க, மேல் ப. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உதட்டின் இறுக்கத்தாலும் காற்றின் வேகத்தாலும் மட்டுமே செல்ல முடியும். அந்த உதட்டைத் தாங்குவது மவுத்பீஸ்தான். அதில் மூன்று அளவுகள் முக்கியமானவை.

விளிம்பு: இதன் உள்விட்டம் டிரம்பெட்டுக்கு ஏறத்தாழ 16 முதல் 17 மி.மீ., டிராம்போனுக்கு 25 மி.மீ. அளவில் இருக்கும். விட்டம் கூடினால் உதட்டின் அதிகப் பகுதி அதிரும். ஒலி நிறைவாக இருக்கும். ஆனால் உதட்டுத் தசை விரைவில் களைக்கும். விட்டம் குறைந்தால் மேல் சுரங்கள் எளிதாகும், ஒலி மெலியும். விளிம்பு அகலமாக இருந்தால் அழுத்தம் பரவும். மெல்லிய விளிம்பு உதட்டை வெட்டுவதுபோல் உறுத்தும்.

கிண்ணம்: ஆழம் குறைந்தால் ஒலி கூர்மையாகவும் பளிச்சென்றும், ஆழம் கூடினால் கனமாகவும் இழைந்தும் கேட்கும்.

தொண்டை: கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு துளை. மிகக் குறுகினால் ஒலி அடைபடும்; மிக அகன்றால் இளம் மாணவருக்கு மூச்சு விரைவில் தீரும்.

தொடக்க மாணவர்களின் டிரம்பெட்டுகளில் பரவலாகக் காணப்படும் பாக் 7சி மவுத்பீஸின் உள்விட்டம் 16.20 மி.மீ.; 3சி-யில் 16.30 மி.மீ. இடைவெளி 0.1 மி.மீ. மட்டுமே. ஆனாலும் பழகிய உதடு அதை உணரும். இந்தக் குறியீட்டில் எண் சிறிதாகச் சிறிதாக விட்டம் கூடும் என்பதை வாங்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

அறிவியல் வகுப்பில் ஒலிப் பாடத்துக்கும் இது உதவும். மவுத்பீஸின் விளிம்பை உள்ளங்கையில் தட்டினால் 'பொப்' என்று ஓர் ஒலி எழும். டிரம்பெட், டிராம்போன் இரண்டின் மவுத்பீஸ்களையும் அடுத்தடுத்துத் தட்டிக் காட்டுங்கள். பெரிய கிண்ணத்தின் ஒலி தாழ்ந்து கேட்கும்.

குழுவில் நான் கடைப்பிடிப்பவை இவை. ஒவ்வொருவருக்கும் தனி மவுத்பீஸ். வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவுதல். விளிம்பில் கீறலோ, முனையில் நசுங்கலோ இருந்தால் மாற்றுதல். குழாயில் இறுகிக்கொண்டால் குறடு, சுத்தியல் பயன்படுத்தாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தல். மேல் சுரத்துக்காக உதட்டில் அழுத்தி ஊத விடாமல், வலித்தால் உடனே ஓய்வு தருதல்.

ஒரு மாணவரைக் குழுவிலிருந்து நீக்குமுன் நடுத்தர அளவுள்ள, சேதமில்லாத வேறொரு மவுத்பீஸில் 2 வாரம் வாசிக்க விடுங்கள். குறை மூச்சிலா, கருவியிலா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.