பத்தில் ஒன்பது பேர் தோற்கும் ஆட்டம்

கைபேசியில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்துக்குள் நுழையும்போதே ஓர் எச்சரிக்கை வரும்: இதில் இறங்கிய தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நஷ்டம். 2023 ஜூலையிலிருந்து எல்லாத் தரகு நிறுவனங்களும் இதைக் காட்டியாக வேண்டும் என்பது சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் உத்தரவு. ஒப்புக்கொண்டால்தான் மேலே போகலாம். நம் பையன்களுக்கு அது ஒரு தட்டு, அவ்வளவுதான். அடுத்த நொடி, நிஃப்டி குறியீடு ஏறும் என்று நம்பி ‘கால்’ ஆப்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

1992-இல் சட்ட அதிகாரம் பெற்ற செபி, சந்தையைச் சீர்படுத்த நிறையவே செய்திருக்கிறது. பங்குகளை மின்னணுக் கணக்கில் வைக்கும் டிமேட் வந்தது, பங்கை விற்றால் மறுநாளே கணக்கு முடிகிறது. தெரிந்த கதைதான். ஆனால் 2024 செப்டம்பரில் அது வெளியிட்ட ஆய்வைப் படித்தால் தூக்கம் வராது. மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்கள் எஃப் அண்ட் ஓவில் விட்டது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நஷ்டப்பட்டவர்கள் 93 சதவீதம். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம். போன பணம் எங்கே? கம்ப்யூட்டர் அல்காரிதம் வைத்து ஆடும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும்தான் எதிர்ப்பக்கம் லாபம் பார்த்தார்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. 2023-24இல் ஆடியவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். முந்தைய ஆண்டில் இது 31 சதவீதம். முக்கால்வாசிப் பேரின் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் கீழே. விட்டதைப் பிடிக்கிறேன் என்று திரும்பத் திரும்ப இறங்குகிறவர்களும் உண்டு. சீட்டாட்டத்தில் மகன் உட்கார்ந்தால் அடிக்க ஓடும் அப்பா, இதை ‘ஷேர் மார்க்கெட்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

வயதுவந்தவர் தன் பணத்தை என்ன செய்தால் என்ன, ஆப்ஷன் இல்லாவிட்டால் பெரிய முதலீடுகளுக்குக் காப்பு ஏது என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். காப்புக்காக வாங்குகிறவர், ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி அன்று மதியம் வந்து நிற்பதில்லை.

செபி கட்டுப்பாடும் போட்டுப் பார்த்தது. 2024 நவம்பரிலிருந்து ஓர் ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் ரூபாய். வாராந்திர எக்ஸ்பைரி சந்தைக்கு ஒரு குறியீட்டுக்கு மட்டும். ஆட்கள் குறைந்தார்கள். ஆனாலும் 2024-25இல் 91 சதவீதம் பேருக்கு நஷ்டமே.

டெலிகிராமில் டிப்ஸ் தருகிறவர் செபியில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தரகர் ஏமாற்றினால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். நீங்களாகவே ஆப்ஷன் வாங்கி இழந்த பணத்தைக் கேட்டு எங்கும் புகார் கொடுக்க முடியாது.