முதல் கணினி: எங்கே செலவிடலாம், எங்கே சேமிக்கலாம்?

பகலில் அலுவல், இரவில் விளையாட்டு என இரண்டுக்கும் உதவும் கணினியைத் தாமே பொருத்திக்கொள்ள விரும்புவோர், தில்லி நேரு பிளேஸிலோ பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ கடையேறுமுன் தமது வரம்புத் தொகையைத் தாளில் பிரித்து எழுதிக்கொள்வது நலம்.

விளையாட்டே முதன்மை எனில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குச் செல்லும். காணொளித் தொகுப்பு போன்ற பணிகள் மிகுதியெனில் பிராசஸருக்கும் ரேமுக்கும் கூடுதலாக ஒதுக்க வேண்டும். பொருத்தம் பார்ப்பது கட்டாயம். 2022இல் வெளிவந்த ஏஎம்டியின் ஏஎம்5 வகை மதர்போர்டு டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். கையிலிருக்கும் டிடிஆர்4 ரேம் அதில் பொருந்தாது.

பலரும் சிக்கனம் காட்டும் இடம் பவர் சப்ளை. தரமற்ற பவர் சப்ளை பழுதடைந்தால் மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே சேதப்படுத்தக்கூடும். சில நூறு ரூபாய் மிச்சம், பல ஆயிரம் ரூபாய் இழப்பாக முடியும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரச் சிக்கனத்தைக் குறிக்குமேயன்றிப் பாதுகாப்புக்கு உறுதி ஆகாது. எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் பாருங்கள். மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஊர்களில் யூபிஎஸ்ஸுக்கும் தொகை ஒதுக்குங்கள். சேமிக்க வேண்டுமெனில் வண்ண விளக்குகளைத் தவிர்க்கலாம்.

ரசீதின்றி விலை குறைத்துத் தருவதாகக் கூறினால் மயங்க வேண்டாம். ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் குறிக்கப்பட்ட ஜிஎஸ்டி ரசீதே பின்னர் உத்தரவாதம் கோரச் சான்றாகும். தவணையில் வாங்குவோர், ‘வட்டியில்லாத் தவணை’ என்றாலும் செயலாக்கக் கட்டணமும் அதன்மீது ஜிஎஸ்டியும் உண்டா எனக் கேட்டறிந்த பின்னரே ஒப்புதல் அளியுங்கள்.