ஜங்கிள் கார்பைன்: வாங்கத் தகுந்ததா?

மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படையினர் ஏந்திய ஆயுதங்களுள் ஒன்றான லீ என்ஃபீல்டு ஐந்தாம் எண் ரைபிள், ‘ஜங்கிள் கார்பைன்’, அதாவது காட்டுப் போருக்கெனக் குறுக்கப்பட்ட துப்பாக்கி என்னும் பெயரால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களால் இன்றும் விரும்பி வாங்கப்படுகிறது.

ஏறத்தாழ 3.2 கிலோ எடையுள்ள இத்துப்பாக்கியை மதிப்பிடுவோர், தோட்டாவைச் சுழலச் செய்வதற்காகக் குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட வரிப்பள்ளங்கள் தேய்ந்துள்ளனவா என்பதையும், பழைய தோட்டாக்கள் விட்டுச்சென்ற உப்புப் படிவால் அவை துருவேறியுள்ளனவா என்பதையும் முதலில் ஆராய்கின்றனர். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் தண்டிலும் துப்பாக்கியின் உடற்பகுதியிலும் வரிசை எண் ஒன்றாகவே இருப்பது, பாகங்கள் மாற்றப்படவில்லை என்பதற்குச் சான்றாகிறது. எடையைக் குறைப்பதற்காகக் குழலின் அடிப்பகுதியில் குடையப்பட்ட பள்ளங்கள் காணப்படாவிட்டால், அது அதே லீ என்ஃபீல்டு வகையைச் சேர்ந்த நான்காம் எண் ரைபிளை வெட்டிச் செய்த போலியாக இருக்கக்கூடும். குறி அடிக்கடி விலகுகிறது என்று படையினரே குறைகூறியதால், இதன் மதிப்பு சுடும் திறனைவிட வரலாற்றையே பெரிதும் சார்ந்துள்ளது.

மலேசியாவின் பாடாங் செராய் வாசகர்களுக்கோ சட்டமே முதல் அளவுகோலாகும். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்கிறது. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டமோ அக்குற்றத்திற்கு 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. எனவே, உரிமம் பெற முடியாத துப்பாக்கி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தகுந்ததன்று.