உங்க சர்வர்ல எத்தனை கதவு திறந்திருக்கு?

சொந்தமா வெப் சர்வர் வெச்சிருக்கிற நிறைய பேர் கவனிக்காம விடுற ஒரு விஷயம் இருக்கு: லிசனர்.

ஒரு புரோகிராம், ஒரு ஐபி முகவரியில, ஒரு போர்ட் எண்ணுல, யாராவது கூப்பிடுவாங்களான்னு காத்திருக்கும். அதுதான் லிசனர். எச்டிடிபிக்கு 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443. ஏற்கெனவே அப்பாச்சி 80-ல உட்கார்ந்திருந்தா, அதே இடத்துக்கு வர்ற என்ஜின்எக்ஸ் பிழை காட்டிட்டு நின்னுடும். அது பரவாயில்லை, உடனே தெரிஞ்சிடும். பயப்பட வேண்டியது சத்தமில்லாம ஓடுற லிசனருக்குத்தான்.

என் கதையையே சொல்றேன். உபுண்டு சர்வர், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல 22, 80, 443 மட்டும் திறந்திருந்தேன். மைஎஸ்க்யூஎல் டாக்கர்ல ஓடிச்சு. ஒருநாள் வீட்டு லேப்டாப்ல இருந்து சும்மா 3306-ஐத் தட்டிப் பார்த்தேன். பதில் வந்துச்சு! வயித்தைக் கலக்கிடுச்சு.

காரணம் என்னன்னா, டாக்கர்ல போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தா, அது 0.0.0.0-ல, அதாவது சர்வரோட எல்லா ஐபி முகவரியிலயும் திறக்கும். அதுக்கான ஐபிடேபிள்ஸ் விதிகளையும் டாக்கரே எழுதிக்கும். யுஎஃப்டபிள்யூ தடை அங்க எடுபடாது.

இது சின்ன விஷயம் இல்லை. 2017 ஜனவரியில, பாஸ்வேர்ட் இல்லாம இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களை அழிச்சுட்டு, பணம் கேட்டு மிரட்டினாங்க.

சரி, என்ன பண்ணலாம்? போர்ட் எண்ணுக்கு முன்னாடி 127.0.0.1 சேர்த்தேன். இப்ப அதே மெஷின்ல இருக்கிற புரோகிராம் மட்டும்தான் பேச முடியும். உங்க ஆப்பும் அதே டாக்கர் நெட்வொர்க்ல இருந்தா, போர்ட்டை வெளியே திறக்கவே தேவையில்லை.

இன்னைக்கே உங்க சர்வர்ல எஸ்எஸ் கமாண்டை டி, எல், என், பி ஆப்ஷன்களோட, சூடோ போட்டு ஓட்டுங்க. எந்த புரோகிராம் எந்த முகவரியில கேட்குதுன்னு பட்டியல் வரும். 0.0.0.0 இருக்கிற வரியை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க. ஐபிவி6-ல ரெட்டை முக்காற்புள்ளி போட்டிருந்தாலும் அதே அர்த்தம்தான். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இது வெளியாளுக்குத் தேவையா? இல்லைன்னா மூடுங்க. மூடினதும் வேற நெட்வொர்க்ல இருந்து என்மேப்ல ஒருதடவை சோதிச்சுப் பாருங்க. உங்க சொந்த சர்வரை மட்டும், சரியா? அடுத்த எபிசோடுல பார்ப்போம்.