சாம்பல் மூடிக் குழாயின் வெண்பொடி

சர்க்கரைப் பரிசோதனைக்கான இரத்தத்தைச் சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் சேகரிப்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் வெண்பொடியில் சோடியம் ஃபுளூரைடு என்னும் உப்பு உள்ளது. "இத்தனை குழாய்கள் எதற்கு? ஒன்றிலேயே எடுக்கக் கூடாதா?" என்று துணைக்கு வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு.

இரத்த அணுக்கள் உடலைவிட்டு வெளியேறிய பின்னும் சிறிது நேரம் உயிருடன் இருக்கின்றன. குழாய்க்குள் இருந்தபடியே குளுக்கோஸைச் செலவழிக்கின்றன. அறை வெப்பநிலையில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை அது குறையும். குளுக்கோஸைச் சிதைக்கும் வழியிலுள்ள ஈனோலேஸ் என்னும் நொதியை ஃபுளூரைடு முடக்குகிறது. ஆயினும் அதன் பயன் முழுமையாகக் கிட்ட ஓரிரு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே, வீட்டில் எடுத்த இரத்தத்தை ஆய்வகத்தில் விரைந்து சேர்த்தல் வேண்டும். இக்குழாயில் பெரும்பாலும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் கலந்திருக்கும். இதே இரத்தத்தைக் கொண்டு அளந்தால் பொட்டாசியம் கூடியதாகவும் கால்சியம் குறைந்ததாகவும் பொய்யாகக் காட்டும். சிறுநீரக நோயாளிக்கு அப்பிழை ஆபத்தானது. தனிக்குழாய் கேட்பது அதனால்தான்.

இவ்வுப்பு 993 பாகை செல்சியசில்தான் உருகும். உருக்குத் தொழிலிலும், மரம் மக்காமல் காப்பதற்கும், பூச்சிக்கொல்லியாகவும் பயன்பட்டு வந்துள்ளது. மிகச் சிறிய அளவில் பற்பசையிலும் சேர்க்கப்படுகிறது.

1942 நவம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துச் சேலம் நகரில் (நம் சேலம் அன்று) ஒரு மனநல மருத்துவமனையின் சமையலறையில், பால்பொடி என்று எண்ணிக் கரப்பான் கொல்லிப் பொடியை முட்டையில் கலந்துவிட்டனர். அது சோடியம் ஃபுளூரைடு. 47 பேர் இறந்தனர். 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். உடலுள் சென்ற ஃபுளூரைடு இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் தசைகள் இழுபட்டு, இதயத் துடிப்பு தடுமாறுகிறது.

பெயர் ஒட்டாத வெண்பொடி எதுவும் சமையலறையில் இருத்தல் ஆகாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவும், 6 வயது வரை பட்டாணியளவும் பற்பசை போதும். குழந்தை பற்பசையை மிகுதியாக விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நினைவுடன் விழுங்கும் நிலையில் இருந்தால் பால் புகட்டுங்கள். பாலிலுள்ள கால்சியம் ஃபுளூரைடை வயிற்றிலேயே ஓரளவு பிணைத்துவிடும். உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது அந்தப் பற்பசைக் குழலையும் எடுத்து வாருங்கள். அதன்மேல் அச்சிட்டுள்ள ஃபுளூரைடு அளவைப் பார்த்தே எவ்வளவு உட்சென்றிருக்கும் என்பதை நாங்கள் கணக்கிடுகிறோம்.