த வாக்கிங் டெட் (வரைகதை)

த வாக்கிங் டெட் என்பது அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் கிர்க்மேன் எழுதிய வரைகதைத் தொடர் ஆகும். இமேஜ் காமிக்ஸ் நிறுவனம் இதனை 2003 அக்டோபர் முதல் 2019 சூலை வரை 193 இதழ்களாக வெளியிட்டது. முதல் 6 இதழ்களுக்கு டோனி மூர் படம் வரைந்தார். 7ஆவது இதழ் முதல் இறுதி வரை சார்லி அட்லார்ட் வரைந்தார். ஜாம்பிகள் எனப்படும் நடமாடும் பிணங்கள் நிறைந்த உலகில் உயிர்பிழைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே இதன் கதை. 2010ஆம் ஆண்டு சிறந்த தொடர் வரைகதைக்கான ஐஸ்னர் விருதை இது பெற்றது.

பின்னணி

ஜார்ஜ் ரொமேரோ 1968இல் இயக்கிய "நைட் ஆஃப் த லிவிங் டெட்" திரைப்படமே இன்றைய ஜாம்பிக் கதைகளுக்கு அடித்தளம் இட்டது. இவ்வகைத் திரைப்படங்கள் சில நாட்களின் நிகழ்வுகளோடு முடிந்துவிடுகின்றன. தப்பியவர்கள் அதன்பின் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் சொல்ல கிர்க்மேன் விரும்பினார். பதிப்பகம் முதலில் தயங்கியது. இதற்கெல்லாம் வேற்றுக்கோள்வாசிகளே காரணம் எனப் பின்னர் தெரியவரும் என்று சொல்லி அவர் ஒப்புதல் பெற்றார். அது பொய் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். பிணங்கள் எழுந்ததற்கான காரணம் தொடரில் கடைசி வரை விளக்கப்படவில்லை.

கதைச் சுருக்கம்

கென்டக்கி மாநிலக் காவல் அதிகாரியான ரிக் கிரைம்ஸ் துப்பாக்கிச்சூட்டில் காயமடைந்து நினைவிழக்கிறார். மருத்துவமனையில் கண்விழிக்கும்போது உலகம் சிதைந்து கிடக்கிறது. மனைவி லோரியையும் மகன் கார்லையும் தேடி அட்லாண்டா நகருக்குச் செல்கிறார். அவர்களைக் கண்டடைந்த பின், ஒரு சிறு குழுவின் தலைவராகிறார். அக்குழு பண்ணை, சிறைச்சாலை, வாசிங்டன் அருகிலுள்ள அலெக்சாந்திரியா குடியிருப்பு என இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

தொடக்கத்தில் பிணங்களே பெரும் ஆபத்தாக இருக்கின்றன. அவற்றின் போக்கு பழகிய பிறகு, மற்ற மனிதர்களே அஞ்சத்தக்கவர்கள் ஆகிறார்கள். கவர்னர், நீகன், பிணங்களின் தோலை அணிந்து அவற்றோடு நடமாடும் விஸ்பரர்கள் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள்.

தலைப்பின் பொருள்

பிணங்கள் கடித்தால் மட்டும் ஒருவர் பிணமாக எழுவதில்லை. எப்படி இறந்தாலும் எழுவார் என்பது சிறைச்சாலைப் பகுதியில் தெரியவருகிறது. 24ஆவது இதழில், தலைப்பு தங்களையே குறிக்கிறது என்று ரிக் தன் குழுவினரிடம் சொல்கிறார். தமிழில் "நடைப்பிணம்" என்ற சொல் உயிர்ப்பின்றி வாழும் மனிதரையும் குறிக்கும். ஆங்கிலத் தலைப்பும் அந்தப் பொருளை அங்கே பெறுகிறது. உயிரோடு இருப்பதற்காக எதை எல்லாம் செய்யலாம், அவற்றைச் செய்த பின் பழைய மனிதராக இருக்க முடியுமா என்பதே தொடர் முழுவதும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி.

வாசகர்களை ஈர்த்த கூறுகள்

யாருக்கும் பாதுகாப்பு இல்லை என்பது இத்தொடரின் தனித்தன்மை. தந்தையைக் காப்பாற்றச் சிறுவன் கார்ல் 6ஆவது இதழிலேயே ஒருவரைச் சுட்டுக் கொல்கிறான். நாயகன் ரிக் தன் வலது கையை இழக்கிறார். 48ஆவது இதழில் லோரியும் கைக்குழந்தையும் இறக்கின்றனர். 100ஆவது இதழில், முதல் அத்தியாயங்களிலிருந்தே வாசகர்கள் அறிந்த கிளென் கொல்லப்படுகிறார். இதனால் ஒரு சாதாரண உரையாடல் காட்சியைக்கூட வாசகர் பதற்றத்துடன் படிக்கிறார்.

படங்கள் கருப்பு வெள்ளையில் அமைந்தவை. இரத்தமும் கருப்பாகவே தெரிவதால், கோரத்தைவிட முகங்களின் அச்சமும் துயரமுமே கண்ணில் படுகின்றன. ஆட்கள் பேசும் சிறு கட்டங்கள் பல வந்த பின், பக்கத்தைத் திருப்பியதும் அதிர்ச்சி முழுப்பக்கப் படமாக எதிர்ப்படும். திரைப்படத்தில் காட்சி தானாக நகர்ந்துவிடும். இங்கே பக்கத்தைத் திருப்புவது வாசகரே என்பதால், அந்தத் தயக்கமும் வாசிப்பின் ஒரு பகுதியாகிறது. வண்ணம் தீட்டிய பதிப்பு 2020 முதல் வெளியானது.

முடிவு

192ஆவது இதழில் ரிக் இறக்கிறார். அடுத்த இதழே கடைசி என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படவில்லை. வராத இதழ்களுக்கும் அட்டைப்படங்கள் வெளியிட்டு இந்த இரகசியம் காக்கப்பட்டது. 193ஆவது இதழ் பல ஆண்டுகளுக்குப் பின் நடக்கிறது. ஊர்களும் நீதிமன்றமும் மீண்டும் இயங்குகின்றன. பிணங்கள் வேடிக்கை காட்டும் பொருளாகிவிட்டன. பழைய அச்சத்தை மறவாத கார்ல், அத்தகைய பிணங்களைக் கொன்றதற்காக வழக்கைச் சந்திக்கிறான். இறுதியில் தன் மகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறான். பிணங்களைக் கண்டு அஞ்சாத ஒரு தலைமுறை வளர்கிறது என்பதே ரிக்கின் போராட்டத்துக்குக் கிடைத்த பலனாக அமைகிறது.

தழுவல்கள்

ஏஎம்சி தொலைக்காட்சி இக்கதையை 2010 முதல் 2022 வரை 11 பருவங்களாக ஒளிபரப்பியது. அதில் புகழ்பெற்ற டேரில் டிக்சன் வரைகதையில் இல்லாத பாத்திரம். வரைகதையில் இறுதி வரை வாழும் கார்ல், தொலைக்காட்சியில் இறந்துவிடுகிறான். ஆகவே தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கும் வரைகதையில் புதியன பல காத்திருக்கின்றன. டெல்டேல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட நிகழ்பட விளையாட்டு, இதே உலகில் வேறு மாந்தர்களின் கதையைச் சொல்கிறது.